கவிழ்த்து வைத்த படகு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் முதலில் தொடுவார்கள். மேலே நீலம், நீலம் உரிந்த இடங்களில் பச்சை, அதற்கும் அடியில் காவி, ஆணி இருந்த இடங்களில் துருவின் கறுப்பு வட்டங்கள். தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க வாங்கினீங்க?" என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் நான். "வாங்கலைங்க. எங்க அப்பாவோட படகு. பழவேற்காட்டு ஏரியில அவர் மீன் பிடிச்ச படகு" என்பேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். அப்படிச் சொன்னால் இன்னும் எடுபடுகிறது என்பதையும் நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. சரி, சொல்ல வந்தாயிற்று, முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில் எனக்கு மேலே ஓர் அம்மாள் இருந்தார். நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அவர் வீட்டில் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. "பழைய படகுப் பலகையில செஞ்சது. இதுல ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை இருக்கும் இல்ல?" என்றார். எல்லோரும் குனிந்து கீறல்களைப் பார்த்தார்கள். நானும் குனிந்தேன். வலைக்கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் அது. பத்து வயது வரை அந்த மாதிரிப் பள்ளத்தில் விரலை விட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்து போனவள் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அலுவலகத்தில் யாருக்கும் நான் ஏரிக்கரைக்காரி என்று தெரியாது.

திருப்பாலைவனம் என்றுதான் ஊர் கேட்பவர்களிடம் சொல்லிவந்தேன். நெல் விளைகிற ஊர், கோயில் இருக்கிற ஊர், சொன்னால் யாரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். உண்மையில் அங்கிருந்து இன்னும் பஸ் பிடித்து, தோணிரேவுப் பக்கம் இறங்கி, மணலில் நடந்து போக வேண்டிய குப்பம் எங்களுடையது. பத்து வயதில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். முதல் வாரமே ஒருத்தி என் பெட்டியைத் திறந்து பார்த்து "கருவாட்டு நாத்தம்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் திருப்பாலைவனம். கல்லூரியில் அது இன்னும் வளர்ந்து விவசாயக் குடும்பம் என்று ஆகிவிட்டது. ஒருமுறை நைனா கம்பிக் கூடையில் நண்டு எடுத்துக்கொண்டு கல்லூரி விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் ஓடிப்போய் வாசலிலேயே நிறுத்தி இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டேன். நண்டை அப்படியே காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். நைனா பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு அம்மாதான் சொன்னாள்.

அந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் புத்தி அந்தப் பெஞ்சையே சுற்றியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மாதிரி மரச்சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் மேசை, அலமாரி, கண்ணாடிச் சட்டம், எல்லாம் படகு. ஒரு மேசையின் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் இரண்டு மாதச் சம்பளம். "இந்த விலைக்கு மீனையும் சேர்த்துத் தருவாங்களா கேளு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதற்கும் ஒரு கிண்டல் வேண்டும். எனக்கோ சிரிப்பு வரவில்லை. ஆசை வந்துவிட்டது. ஆசையென்றால் சாதாரண ஆசை இல்லை. அந்தப் பலகையில் ஏதோ ஒன்று இருந்தது. உப்பில் ஊறி, வெயிலில் வெளுத்து, பொய் சொல்லாத ஒரு முகம் மாதிரி. கடையில் வாங்குகிற புது மேசை எதற்கும் அது வராது. அதோடு ஒரு கெட்ட எண்ணமும் கூடவே வந்தது. இவர்கள் காசு கொடுத்து வாங்கும் இதை நான் பிறப்பிலேயே வைத்திருக்கிறேனே, இத்தனை நாள் ஒளித்து வைத்தது மடத்தனம் இல்லையா என்று.

மாசி மாதம் ஊருக்குப் போனோம். எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், மணல்மேட்டில், படகு கவிழ்ந்து கிடந்தது. சாயம் உரிந்திருந்தது. மேலே வலை காய்ந்தது. வலைக்குப் பக்கத்தில் ஆடு ஒன்று நிம்மதியாகப் படுத்து அசைபோட்டது. ஊரில் பாதிப் பேர் ஃபைபர் படகுக்கு மாறியிருந்தார்கள். சில பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் நானே முடிவு கட்டிவிட்டேன், இது ஓய்ந்துபோன படகு என்று.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "நைனா, அந்தப் பழைய படகு சும்மாதானே கீது? எனக்குக் குடு. என் வூட்டுக்கு மேசை செய்யணும். நம்ம வூட்டுப் பொருள் ஒன்னு என் வூட்டுல இருக்கணும்னு ஆசையா கீது." ஊருக்கு வந்தால் என் பேச்சும் ஊர்ப் பேச்சாகிவிடும். அதுவும் ஒரு தந்திரம்தான், இப்போது தெரிகிறது.

நைனா கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார். அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டாள். "இன்னா பேசுற நீ? அது—" என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மாயிரு" என்றார் நைனா அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. "எடுத்துக்கோ கண்ணு. ஒன் வூட்டுல நம்ம படகா? எடுத்துக்கோ" என்றார்.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் முன்கோபம், எனக்கும் அவளிடமிருந்து வந்ததுதான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டியோடு ஆள் அனுப்புகிறேன், அறுத்து ஏற்றிக்கொள்வார்கள் என்றேன். வேண்டாம், வெளியாள் கை வைக்க வேண்டாம், நானே பிரித்து வைக்கிறேன் என்றார். போனில் நான் அவசரப்படுத்தினேன். "நைனா, ஒரு படகு பிரிக்க இவ்ளோ நாளா? வண்டிக்காரரு கேக்குறாரு." அவர் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். பலகை பிளந்துவிடாமல், சாயம் பெயராமல். சாயம்தான் முக்கியம் என்று நான் சொல்லியிருந்தேன். கரையில் உட்கார்ந்து, எல்லோரும் போகவர, இரண்டு நாள் முழுக்க அதே வேலை. பிறகு பலகைகளைப் பழைய வலைக்கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றினார். அம்மா அதற்குப் பிறகு சில மாதம் போனை எடுத்தால் "ம்" என்பாள், "வெச்சுடவா" என்பாள். வேறெதுவும் பேசமாட்டாள்.

எங்கள் தெரு ஆசாரி பலகைகளைப் புரட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது எதுவும் உளுத்த மரம் இல்லையே. இன்னும் பல வருஷம் தண்ணியில கெடந்திருக்குமே" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல மரம் கிடைத்துவிட்டதாம். ஒரு பலகை மட்டும் புதிதாக இருந்தது. சாயமே அடிக்கவில்லை, ஓரத்தில் அடைத்த பஞ்சிலிருந்து குங்கிலிய வாசனைகூடப் போகவில்லை. ஆசாரி அதை மேலே வைக்கப் போனார். "ஐயோ, அது வேணாம், அது பழசு மாதிரியே இல்ல. அடியில குறுக்குச் சட்டமா அடிச்சிடுங்க" என்றேன். இப்படியெல்லாம் சொல்லியிருக்கிறேன். யாரோ எதிரி சொன்ன மாதிரி இருக்கிறது, ஆனால் நான்தான் சொன்னேன்.

மேசை வந்தது. அலுவலகத்துக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் மேசையைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் கதையைச் சொன்னேன். மீனவர் மகள் என்று அன்றைக்குத்தான் என் வாயால் முதல்முறையாகச் சொன்னேன். "இவ்ளோ நாள் சொல்லவே இல்லையே!" என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. திருப்பாலைவனம் ஒரே நாளில் காணாமல் போனது. மறைத்து வைத்தபோது எனக்கு வெட்கம் இருந்தது, வெளியே சொன்னபோது பெருமை இருந்தது. இரண்டுமே நைனாவைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

மழைக்காலம் வந்ததும் மேசை வேலையைக் காட்டியது. வருடக்கணக்காகத் தடவிய மீனெண்ணெய் பலகைக்குள்ளிருந்து கசிந்தது. கூடம் முழுக்க எங்கள் ஊர்க் கரை வாசனை. விருந்தாளி வரும் நாளில் எலுமிச்சம்பழம், சோப்புத் தண்ணீர், ஊதுபத்தி என்று ஒரு பெரிய போரே நடக்கும். "உங்க ஊரு உன்னை விடாது போல" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். ஆசாரியை மறுபடி கூப்பிட்டு, கெட்டியாக இரண்டு பூச்சு வார்னிஷ் போட்டு வாசனையை உள்ளேயே அடைத்தேன். மரத்தின் முகம் வேண்டும், மூச்சு வேண்டாம்.

அடுத்த தை மாதம் அலுவலகத்தில் எல்லோரும் ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போவதாகத் திட்டம் போட்டார்கள். "உங்க ஊர்தானே, உங்க அப்பாவையும் பார்த்துட்டு வரலாம்" என்றார் அந்த அம்மாள். நானும் மண்டையை ஆட்டினேன். வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் அழகாக இருக்கும் என்று நினைப்பு.

வேனை விட்டு இறங்கியபோது காலை ஒன்பது மணி இருக்கும். படகுகள் ஏரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. நாங்கள் ஏழெட்டுப் பேர் கரையில் நின்றோம். ஒரு ஃபைபர் படகு கரையை நெருங்கியது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் இறங்கி வலைக்கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். நைனா. யாருடைய படகிலோ கூலியாளாக நைனா.

படகுக்காரன் எனக்குத் தெரிந்தவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவன், நைனாவை மாமா என்று கூப்பிடுகிற உறவு. அவன் படகில் நின்றபடி, கரை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான். "இன்னா மாமா, பாத்து இழு! சொந்தப் படகத்தான் உளுக்க வுட்ட, என் வலையையும் கிழிய வுடப் போறியா?"

நைனா நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். என் பக்கத்தில் நின்றவர்களையும், அவர்கள் கையிலிருந்த கேமராவையும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் என்னைத் தொட்டு, "உங்க அப்பா எங்க? இவங்களைக் கேளுங்களேன்" என்றார்.

ஒரு சொல், 'இவர்தான்' என்ற ஒரே ஒரு சொல். அது வரவில்லை. மார்பு வரை நனைந்து, கயிற்றோடு, அவ்வளவு பேர் எதிரில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும் இவர்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கதை கதையாகச் சொல்லி வைத்திருந்த ஆள் வேறு மாதிரி இருந்தார்.

நைனாவே சொன்னார். "இந்தப் பொண்ணோட அப்பாவாம்மா? அவரு வெளியூரு போயிருக்காரு. நாளிக்குத்தான் வருவாரு."

சொல்லிவிட்டுக் குனிந்து கயிற்றை இழுத்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதை விடுங்கள். செய்ததைச் சொல்கிறேன். "ஆமா, நான் சொல்லாம வந்துட்டேன் இல்ல, அதான்" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அவர்களைப் பறவை பார்க்கப் படகில் ஏற்றிவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லி வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மீனைப் பார்த்தாள்.

"நைனா ஏன் அவன் படகுல போறாரு?" என்றேன்.

"ம்? வேற யாரு படகுல போவாரு? ஒன் வூட்டு மேசையிலயா?" என்றாள்.

அது பழைய படகுதானே, சும்மாதானே கவிழ்ந்து கிடந்தது என்றேன். அம்மா அரிவாள்மணையை அப்படியே ஒதுக்கி வைத்தாள். "கவுந்து கெடந்துதா? ஆறு பேரு சேந்து தூக்கிக் கவுத்து வெச்ச படகுடி அது. செத்த படகு மல்லாந்து கெடக்கும். மழத்தண்ணி ரொம்பி உள்ள தவள கத்தும். கவுத்து வெச்சா, மொறைக்குக் காத்துனு கீதுனு அர்த்தம். இந்தக் குப்பத்துல பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். நீ இந்தத் தண்ணியில பொறந்தவதானே?"

எனக்கும் தெரிந்ததுதான். மறந்து தொலைத்திருந்தேன். எறா என்று நாங்கள் சொல்லும் இறால் ஏரியில் நிறைய வரும் இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்தில் வலை போடும் உரிமையைப் பாடு என்போம். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று குடும்பங்களைக் குழுவாகப் பிரித்து, முறை வைத்துக்கொள்வார்கள். உன் முறை வருகிற வரை படகைக் கரையேற்றி, கவிழ்த்து, ஓட்டை அடைத்து, எண்ணெய் தடவிக் காய வைப்பாய். முறை நாளில் சொந்தப் படகும் வலையும் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் உன் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். ஊர்க் கட்டுப்பாடு அது, யாருக்காகவும் மாற்றமாட்டார்கள்.

நைனாவின் மூன்று முறையும் போயிருந்தது. வேறு படகு வாங்க அலைந்தாராம், சரிப்பட்டு வரவில்லையாம். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது, "படகு உளுத்துப்போச்சு, கவனிக்காம வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். ஒரு மீன்காரன் தன் வாயால் சொல்லக் கூடாத சொல் அது. "நீ கேக்குறதுக்கு முந்துன மாசம்தான் ஒரு பலகைய மாத்தி, புதுசா பஞ்சு அடச்சிருந்தாரு. அத வெச்சுக்கினு உளுத்துதுனு சொன்ன மனுசன்" என்றாள் அம்மா. அப்புறம் மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் புதுப் பலகை என் மேசைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

நைனா வந்தார். கையில் பையில் எறா. "அவங்க போய்ட்டாங்களா? இத குடுத்தனுப்பு, நல்லா கீது" என்றார். கரையில் எதுவுமே நடக்காத மாதிரி.

நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். எனக்கு அழுகை வந்தாலும் சண்டையாகத்தான் வரும். "ஏன் நைனா வேணாம்னு சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா கேக்கவா போறேன்?"

"ஊர்லந்து நீ ஒன்னும் கேட்டதே இல்லியே கண்ணு" என்றார். "நண்டு கூட வேணாம்னுட்ட. மொத மொதலா ஒன்னு கேட்ட. அப்ப எப்டி இல்லனு சொல்றது?"

நண்டைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதலும் கடைசியும். குத்திக்காட்டவில்லை. காரணம் கேட்டேன், காரணம் சொன்னார்.

ஊர்ப் பெரியவர்களிடம் நான் போய் உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் படகை உளுக்கவிட்டவர் என்று யாரும் பேசக் கூடாது என்றேன். வேண்டாம் என்றார். பெண் கேட்டாள் என்று பாடு உரிமையையே விட்டுவிட்டார் என்று ஊரில் என்னைத்தான் குறை பேசுவார்களாம். நான் பிடிவாதம் பிடித்துப் போயிருக்கலாம். அதற்குள் வேனில் ஹார்ன் அடித்தார்கள். எறாப் பையை எடுத்துக்கொண்டு போய் ஏறினேன். "யார் கொடுத்தது?" என்று கேட்டார்கள். தெரிந்தவங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆசாரியைக் கூப்பிட்டேன். இதைத் திரும்பப் படகாக்க முடியுமா என்று கேட்டேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "பாதி கனத்துக்கு இழைச்சாச்சும்மா. நீளத்துல அறுத்தாச்சு. இது இனிமே தண்ணி தாங்காது. சாப்பாடுதான் தாங்கும்" என்றார்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்துக்கு விடுப்பு போட்டு, தனியாகப் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போகவில்லை, நேரே கரைக்குப் போனேன். ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நைனாவும் ஓர் ஓரத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் 'வேண்டாம்' என்று தலையை அசைத்தார். வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. நின்ற இடத்திலேயே நின்று, "எங்க நைனா படகு உளுக்கல" என்றேன். "நல்லா இருந்த படகு. நான்தான் கேட்டேன், மேசை செய்ய. எனக்காகப் பிரிச்சுக் குடுத்துட்டாரு. அன்னிக்கு இங்க வந்து, இவருதான் என் அப்பானு சொல்லவும் எனக்கு வாய் வரல. தப்பெல்லாம் என்னுது."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன. நைனா தலையைக் குனிந்துகொண்டார். என்னோடு படித்தவன்தான் முதலில் பேசினான். அன்றைக்குக் கத்தினானே, அவன்.

"தெரியும்" என்றான். "உளுத்த படகுக்கு எவனாவது ரெண்டு நாளு குந்திக்கினு ஒவ்வொரு ஆணியா புடுங்குவானா? ஊரே பாத்துனு இருந்துச்சு. ஒன் பேரு வெளிய வரக்கூடாதுனு மாமா உளுத்துச்சுன்னாரு. செரினு நாங்களும் உளுத்துச்சுனே பேசிக்கினு கீறோம்."

"அப்ப அன்னிக்கு ஏன் அப்டி கத்துன?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

அவன் வலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "ஒன்ன பாத்துட்டுதான் கத்துனேன். கேமராக்காரங்க கூட நின்னுனு இருந்த. அப்பவாச்சும் வாயத் தொறப்பியானு பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். மறுபடி வலையை எடுத்துக்கொண்டான். பாடு திரும்பி வருமா என்று யாரையும் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போனது போனதுதான்.

நைனா பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து வந்தார். வழியில் வீட்டுக்குள் போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்திருந்தார். துணி சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. "மீனெண்ணெ. மழைக்கு முன்னாடி ஒரு தபா தடவு, இல்லனா பலக வெடிச்சிரும்" என்றார். பிறகு தயங்கி, "வாசன வரும். ஆளுங்க வர்ற நாளா பாத்துத் தடவாத" என்றார்.

வார்னிஷைச் சுரண்ட எனக்கு நான்கு நாள் ஆனது. எண்ணெய் தடவினேன், மேலும் அடியிலும், அந்தப் புதுப் பலகையிலும். இப்போதும் வருகிறவர்கள் மேசையைத் தொடுகிறார்கள், தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளிக்கிறார்கள். பழைய படகா என்று கேட்கிறார்கள். பழசு இல்லை, ஓடிக்கொண்டிருந்த படகு என்கிறேன். அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்பதில்லை.